எம்.ஜி.பி: குரோமா, றப்பரா?

"எம்.ஜி.பி விற்பனைக்கு" என்று பிரித்தானியப் பழைய கார் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, பம்பரைத்தான். பளபளக்கும் குரோமா, கறுப்பு றப்பரா? (வாங்க வசதியில்லை, பார்க்கக் காசு கேட்பதில்லையே!)

எம்.ஜி என்பது மொரிஸ் கராஜஸ். ஒக்ஸ்போர்டில் இருந்த அந்த விற்பனை நிலையத்தின் முகாமையாளர் சிசில் கிம்பர், சாதாரண மொரிஸ் கார்களுக்கு அழகான உடல் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1929இல் தொழிற்சாலை அபிங்டன் என்ற சிறு நகரத்துக்குப் போனது.

1962இல் எம்.ஜி.பி வந்தது. 1798 சீசீ எஞ்சின், மணிக்கு 100 மைலைத் தாண்டும் வேகம். தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். பெரும்பாலானவை அமெரிக்காவுக்கே போயின. அங்கேதான் வினையும் இருந்தது.

அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 1974இல் றப்பர் பம்பர் மாட்டி, காரையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். வளைவில் சாயத் தொடங்கியது. புகைச் சட்டம் அங்கு போன கார்களின் வலுவையும் குறைத்தது. புதிய மாடலுக்குப் பணம் ஒதுக்காத நிர்வாகத்தையே நான் குற்றம் சொல்வேன், தொழிலாளரை அல்ல.

1979 செப்டெம்பரில் அபிங்டன் 50 ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு மூடும் அறிவிப்பு வந்தது! 1980 ஒக்டோபரில் கடைசிக் கார் வெளியேறியது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

வாங்குபவர்கள் கதவுக்குக் கீழுள்ள பகுதியைத் தட்டிப் பாருங்கள். துரு உள்ளிருந்துதான் தின்னும், காரின் பலமும் அங்கேதான். உக்கியிருந்தாலும் வழியுண்டு: பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988இல் புது உடல்கள் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.