அபயதானம்: டெஹ்ரானில் திறந்த இரண்டு கதவுகள்

இல்லறத்தார் இயற்ற வேண்டிய தானங்கள் நான்கு என்று ஜைன அறநூல்கள் வகுத்துள்ளன. அவை ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்பன. முதல் மூன்றையும் பொருளும் கல்வியும் உடையோர் தம் கையிருப்பிலிருந்து அளிக்கலாம். அபயதானத்தின் இயல்பு வேறு. அஞ்சி வந்தவரின் அச்சத்தைப் போக்க முற்படுவோர், அந்த அச்சத்தில் ஒரு பங்கைத் தாமே ஏற்க வேண்டியவராகின்றனர். தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்றொரு சொற்றொடர் வருகிறது. அச்சமுற்று வந்தோர்க்குக் காவல் தரும் இடத்தை அது குறிக்கும். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் இதனை அபயதானத்தோடு இணைத்துக் காட்டியுள்ளார்.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து படிப்பிற்கும் பணிக்கும் சென்னை நோக்கிப் புறப்பட்ட தலைமுறையினருக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் உறவினர் இல்லங்களே முதற்புகலிடமாயின. இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் மூன்றாம் பாய் விரிக்கப்பட்டது. பொழுது சாயுமுன் மற்றோர் இலையும் இடப்பட்டது. அந்த விருந்தோம்பல் பெரிது. ஆயினும் வந்தவர் உறவினர். அவரால் வீட்டாரின் உயிருக்கு இடையூறு நேர்வதில்லை. வந்தவர் அயலாராகவும், அவரை வைத்திருப்பதே பேராபத்தாகவும் இருக்குமாயின் கதவு திறக்குமா? 1979 ஆம் ஆண்டின் இறுதியில் ஈரான் நாட்டுத் தலைநகரில் இக்கேள்வியை எதிர்கொண்டவர் கனடா நாட்டுத் தூதர் கென்னத் டெய்லர்.

தூதரகம் வீழ்ந்த நாள்

1979 நவம்பர் 4 அன்று, டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மதிலேறிக் குதித்த மாணவர் கூட்டம், உள்ளிருந்தோரைப் பிணையாளிகளாகச் சிறைப்பிடித்தது. நாட்டை விட்டு வெளியேறிய மன்னர் ஷாவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா அனுமதித்திருந்ததே அவர்தம் சினத்திற்கு உடனடிக் காரணம். பிணையாளிகளுள் 52 பேர் 444 நாட்கள் சிறையிருந்து, 1981 சனவரி 20 அன்றே விடுதலை பெற்றனர்.

அன்று விசா அலுவலகக் கட்டடத்தில் இருந்தோர் சிலர், தெருப்பக்கத்து வாயில் வழியே மழையினூடே வெளியேறினர். அவர்களுள் ஐவர் பிடிபடாமல் தப்பினர். அடுத்த சில நாட்கள் அவர்கள் வீடு மாறி வீடு ஒளிந்தனர். சோம்சாய் என்னும் தாய்லாந்து நாட்டுச் சமையற்காரர், தாம் பணிபுரிந்த அமெரிக்க அதிகாரிகளின் இல்லங்களில் அவர்களை மறைத்து வைத்தார். பதவியோ தூதுவர்க்குரிய காப்போ அவருக்கு இல்லை. இந்த வரலாற்றில் முதலில் அபயம் அளித்தோருள் அவரும் ஒருவர்.

ஐவருள் ஒருவரான ராபர்ட் ஆண்டர்ஸ், தம் நண்பரும் கனடா தூதரகத்தின் குடியேற்ற அதிகாரியுமான ஜான் ஷியர்டவுனுக்குத் தொலைபேசியில் நிலைமையைக் கூறினார். ஷியர்டவுன் காலம் கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் அழைக்கவில்லை என்றுதான் கேட்டார். டெய்லரும் தயங்கவில்லை. நவம்பர் 10 அன்று ஐவரும் கனடியர் பொறுப்பில் வந்தனர். கணவன் மனைவியர் இருவரைத் தூதர் தம் இல்லத்தில் ஏற்றார். மற்றவர்கள் ஷியர்டவுன் இல்லம் சென்றனர். சுவீடன் தூதரகத்தாரின் உதவியால் தப்பியிருந்த ஆறாமவரும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார். பிரதமர் ஜோ கிளார்க்கின் அரசும், வெளியுறவு அமைச்சர் ஃப்ளோரா மெக்டோனால்டும் தூதரின் முடிவுக்கு உடனே இசைவளித்தனர்.

எழுபத்தொன்பது நாட்கள்

அடைக்கலம் தருவதாகச் சொல்வது ஒரு கணத்தில் முடியும். அதனைக் காத்து நிற்பது அன்றாட உழைப்பு. மிகுதியான உணவுப்பொருள் வாங்குவது ஐயத்தை எழுப்பும் என்பதால், ஷியர்டவுன் வெவ்வேறு கடைகளில் சிறிது சிறிதாக வாங்கி வந்தார். வந்திருப்போர் கனடாவிலிருந்து வந்த விருந்தினர் என்றே தூதர் இல்லத்துப் பணியாளருக்குச் சொல்லப்பட்டது. மறைந்திருந்தோர் சீட்டாடியும் சொல்விளையாட்டு ஆடியும் நூல்கள் படித்தும் பொழுது போக்கினர். வாசலில் மணி ஒலித்தபோதெல்லாம் நெஞ்சம் நடுங்கியது.

இரு இல்லத்தரசியரின் பங்கு இங்கே தனித்துக் கருதத்தக்கது. தூதரின் துணைவியார் பாட் டெய்லர், ஆஸ்திரேலியாவில் சீன வம்சாவளியில் பிறந்த அறிவியலாளர். சனவரியில் ஒரு நாள் அடையாளம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அவ்வீட்டில் மறைந்திருந்த தம்பதியரைப் பெயர் சொல்லிக் கேட்டார். அப்படி யாரும் அங்கில்லை என்று மறுத்தவர் அவரே. ஷியர்டவுனின் துணைவியார் ஜீனா, கயானாவில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். கனடியக் குடிமகள் அல்லராதலின், தூதரகத்தாருக்குரிய சட்டக்காப்பு அவருக்கு இல்லை. செய்தி வெளிப்பட்டிருப்பின் மிகுதியான ஆபத்து அவருக்கே நேர்ந்திருக்கும். அதனை அறிந்தே அவர் நாள்தோறும் உலையேற்றினார்.

அமைதி காத்த மற்றொருவரும் உண்டு. கனடாவின் ‘லா பிரெஸ்’ நாளிதழின் வாஷிங்டன் செய்தியாளர் ழான் பெல்த்தியே, இந்த மறைவைத் தம் முயற்சியாலேயே கண்டறிந்தார். வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் செய்தி அது. ஆறு உயிர்களை எண்ணி, அவர்கள் வெளியேறும் வரை அதனை வெளியிடாது காத்தார்.

தேதியில் நேர்ந்த பிழை

மறைத்து வைப்பது மட்டும் போதாது, வெளியேற்றவும் வேண்டும். கனடா அமைச்சரவை இரகசியமாகக் கூடி, அறுவருக்கும் மாற்றுப் பெயர்களில் கனடியக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. அமெரிக்க உளவுத்துறையின் டோனி மெண்டெஸ், அவர்களைத் திரைப்படத்திற்கு இடம் பார்க்க வந்த குழுவினராக வேடமிட்டு அழைத்துச் செல்லும் திட்டத்தோடு டெஹ்ரான் வந்தார். விமான நிலையத்தின் சோதனை முறைகளை அறியும்பொருட்டு, டெய்லர் முன்னரே தம் அலுவலர்களை அவ்வழியே போக்குவரத்துச் செய்யவைத்திருந்தார்.

போலியாக அமைத்த ஈரானிய விசா முத்திரைகளில் ஒரு பிழை இருந்தது. ஈரானின் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்குவது. அக்கணக்கை அயலார் பிறழக் கொண்டதால், இன்னும் வராத நாளில் விசா வழங்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. பாரசீகம் கற்ற தூதரக அதிகாரி ராஜர் லூசி அதனைக் கண்டு திருத்தச் செய்தார். வீர நிர்வாண ஆண்டையும் ஆங்கில ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய ஜைனக் குடும்பத்தார்க்கு, அப்பிழை எத்துணை எளிதில் நேரக்கூடியது என்பது விளங்கும். அன்று அது ஆறு உயிர்களின் விலையாகியிருக்கும்.

1980 சனவரி இறுதியில் அறுவரும் சுவிஸ் ஏர் விமானத்தில் சூரிச் நகருக்குத் தப்பினர். தூதரகத்தை மூடிவிட்டு டெய்லரும் வெளியேறினார்.

பொய்யாமையும் அபயமும்

மாற்றுப் பெயர்களும் போலி முத்திரைகளும் மறுப்புரைகளும் நிறைந்த இச்செயலைப் பொய்யாமை என்னும் அணுவிரதம் பூண்டோர் எங்ஙனம் மதிப்பிடுவது? சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தார்க்குரிய வாய்மையை வரையறுக்கும்போது, பெரும்பொய்யை விலக்குவதோடு, பிறர்க்குக் கேடு விளைக்கும் மெய்யையும் கூறலாகாது என்கிறார். பாட் டெய்லர் அத்தொலைபேசியில் மெய்யுரைத்திருப்பின், அது இத்தகைய மெய்யாகவே முடிந்திருக்கும்.

எனினும் இந்த அளவுகோல் தூதரின் செயல் அனைத்தையும் மூடிவிடாது. அந்நாட்களில் டெய்லர் அமெரிக்காவுக்காக இரகசியத் தகவல்களும் திரட்டினார் என்பது 2010 இல் நூல்வழி வெளிவந்தது. அடைக்கலம் தந்தது அறம். உளவு பார்த்தது அரசியல். இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே வரலாற்றுக்கு நேர்மை.

டெய்லருக்குக் கனடா விருதும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கமும் கிடைத்தன. குடியுரிமை இன்மையால் விருதுக்கு உரியரல்லர் எனக் கருதப்பட்ட ஜீனாவுக்கு, ஃப்ளோரா மெக்டோனால்டின் முயற்சியால் கௌரவ நிலையில் அது வழங்கப்பட்டது. 2012 இல் வெளிவந்த ‘ஆர்கோ’ திரைப்படம் உளவுத்துறையின் சாகசத்தையே முன்னிறுத்தியது. கனடியரின் பங்கு சுருங்கியது குறித்து டெய்லர் வருந்தினார். திட்டத்தில் ஏறத்தாழத் தொண்ணூறு விழுக்காடு கனடியருடையது என்று அந்நாளைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் பின்னர் உரைத்தார். ஷியர்டவுன் 2012 டிசம்பரிலும் டெய்லர் 2015 அக்டோபர் 15 அன்றும் மறைந்தனர்.

மெண்டெஸ் டெஹ்ரானில் தங்கியது ஒருசில நாட்களே. அதற்கு முன் இரண்டு மாதங்களுக்கு மேலாக அறுவரும் உயிரோடிருந்தது, இரு வீடுகளின் அடுக்களையிலும் அவ்வீட்டாரின் நாவடக்கத்திலும். அபயதானம் ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. அதனை ஒரு குடும்பமே இயற்றுகிறது. அஞ்சினான் புகலிடம் என்று கல்லில் பொறித்தவர்களும் அதனைத் தனி மனிதர் பெயராக்காமல், ஓர் இடத்தின் பெயராகவே வைத்துச் சென்றனர்.