கழுத்து இறகும் இரண்டு சுற்றும்

"நீதான் ஓசூர்க்காரனாச்சே, சிப்காட்டைப் பத்தி எழுதேன்" என்றார்கள் மலர்க் குழு நண்பர்கள். அதை எழுத நம்மில் பலர் உண்டு. நான் எழுத வந்தது ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டை தாண்டி, அஞ்செட்டிக் காட்டில் தொடங்கும் ஒரு சின்னச் சரித்திரம். மெக்கானிக்கல் படித்தவனுக்கு இறகோடு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள்!

சில வருடங்களுக்கு முன் கம்பெனி வேலையாக ஆறு மாதம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருந்தேன். அங்கே ஒரு மூத்த ஃபிட்டர் மதிய இடைவேளையில் சின்ன வைஸில் தூண்டில் முள்ளைப் பிடித்து, பட்டுநூலும் இறகும் சுற்றுவார். மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கவ்வும். இதற்கு 'ஃப்ளை' என்று பெயர். அவர் கட்டியது 'சாஃப்ட் ஹேக்கிள்' என்ற பழைய வகை. ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் 1857இலும், யார்க்‌ஷயரின் பிரிட் 1885இலும் இவ்வகை ஃப்ளைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கரான நீம்ஸ் 1975இல் எழுதிய புத்தகம் இதற்கு மறுவாழ்வு தந்தது.

விஷயம் எளிது. சேவலின் விறைத்த இறகு ஃப்ளையை நீர்மேல் மிதக்க வைக்கும். பெட்டைக்கோழி, கௌதாரியின் மெல்லிய இறகு நீருக்குள் இறங்கி, ஓட்டத்தில் விரிந்து சுருங்கும். மீன் கண்ணுக்கு அது உயிருள்ள பூச்சி. முள்ளின் மேல் ஒரு வரிசை நூல், தலைப்பக்கம் இறகு இரண்டே சுற்று, முடிச்சு. மூன்றாவது சுற்று போட்டால் அடர்த்தியாகி அசைவு குறைந்துவிடும்.

ஒருநாள் அவர் தன் தாத்தாவின் பெட்டியைத் திறந்தார். சால்மன் மீனுக்கான அலங்கார ஃப்ளைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அரக்கு வைத்தாற்போல் மஞ்சள் பொட்டுள்ள இறகு. "ஜங்கிள் காக், உங்க ஊர்ப் பறவை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு!

தென்னிந்தியாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1782இல் தன் பயண நூலில் விவரித்த பறவை இது. 1813இல் டெம்மிங்க் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். 1902இல் அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆனாலும் தூண்டில்காரர்களின் ஆசை அடங்கவில்லை. இந்தக் கழுத்துகள் கப்பலேறுவது 1960களின் இறுதியில்தான் தடுக்கப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஊர் திரும்பியதும் அஞ்செட்டியில் தாத்தாவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நாங்க கண்ணி வெச்சுப் புடிச்சதுதாம்பா. கறி நமக்கு, கழுத்து யாவாரிக்கு. எதுக்குன்னு அவனும் சொல்லல, நாங்களும் கேக்கல. அந்தக் காசுலதான் உங்கப்பனைப் பள்ளிக்கூடம் சேத்தேன்."

அப்பா படித்ததால் நான் நம் கல்லூரிக்கு வந்தேன். அதாவது என் பட்டத்திலும் அந்தக் கழுத்துகளுக்குப் பங்கு உண்டு. தாத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பறவைக்குப் பதில் சொல்லவும் வழியில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. விடியலில் சேவல் கூவுவது இன்றும் கேட்கிறது. அது ஒரு ஆறுதல்.

இப்போது ஞாயிறுகளில் சாஃப்ட் ஹேக்கிள் கட்டுகிறேன். மீன் பிடிக்க அல்ல, கைப்பழக்கத்துக்கு. வீட்டு நாட்டுக்கோழி உதிர்த்த இறகே போதும். இன்னொரு சங்கதி: வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆக, காட்டுச் சேவலின் உறவு நம் கொல்லையிலேயே மேய்கிறது. யாரும் கண்ணி வைக்க வேண்டியதில்லை.

அடுத்த சந்திப்புக்கு முள்ளும் நூலும் நான் கொண்டுவருகிறேன். வைஸ் நம்ம வொர்க்‌ஷாப்பில் கிடைக்கும்தானே?