துரு தின்ற எம்ஜிபியும் மறுபடி வார்த்த உடம்பும்

ஒரு காரின் ஆயுளை முடிப்பது என்ஜின் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய கார்களை வைத்துக்கொண்டு மல்லாடுகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். என்ஜினை இறக்கி ரீபோர் செய்யலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். தகடு போனால்தான் கதை கந்தல். இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் எம்ஜிபி. (எம்.ஜி.ஆருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம்தான் எம்ஜி. 2019 முதல் நம் சாலைகளில் ஓடும் ஹெக்டர் காரிலும் அதே எழுத்துகள்தான், ஆனால் முதலாளி இப்போது சீனாக்காரர்.)

எம்ஜிபி 1962-ல் வந்தது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். 1798 சிசி, பி-சீரிஸ் என்ஜின். நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி என்ஜினும் அதே குடும்பம்தான், ஒரு வகையில் பங்காளிகள். 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் தயாராயின. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது.

இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏ-வில் கீழே தனியாக ஒரு சேஸ், அதன் மேல் பாடி. எம்ஜிபி-யில் சேஸ் கிடையாது. மோனோகாக் என்பார்கள், அதாவது தகடுகளை மடித்துப் பற்றவைத்த பாடியே எலும்புக்கூடும் ஆகிறது. எடை குறைவு, இடம் அதிகம். ஆனால் திறந்த காருக்கு மேலே கூரை இல்லை. நடுவில் வளையாமல் காரைத் தாங்கும் பெரும் பொறுப்பு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியின் தலையில் விழுகிறது. அதற்கு 'சில்' என்று பெயர். பார்வைக்கு ஒரு தகடு. உள்ளே வெட்டிப் பார்த்தால் வெளித்தகடு, நடுச்சுவர், உட்தகடு, அடியில் இன்னொரு மடிப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும்.

சிக்கலே அங்கேதான். இந்த மூடிய பெட்டிக்குள் பெயின்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க இங்கிலாந்தில் சாலைகளில் உப்பைக் கொட்டுவார்கள். சக்கரம் வாரியடிக்கும் உப்புச்சேறு முன் மட்கார்டின் பின்பக்கம் போய் உட்காரும். அதைத் தடுக்க உள்ளே ஒரு மறைப்புத் தகடும் ரப்பர் விளிம்பும் உண்டு. ரப்பர் ஓரிரு வருடங்களில் மக்கிப்போனால் சேறு உள்ளே தங்கி, வெயில் காலத்திலும் ஈரம் காயாமல், சில்லின் முனையை மெல்லத் தின்ன ஆரம்பிக்கும். அதாவது துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே நடுச்சுவர் ஏற்கெனவே காலமாகியிருக்கும்.

அதே கார் கலிபோர்னியாவின் வறண்ட பகுதிகளில் ஓடினால் இந்த வியாதியே கிடையாது. பிற்காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் தாங்கள் ஏற்றுமதி செய்த கார்களையே அமெரிக்காவிலிருந்து திரும்ப வாங்கி வந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, துருப்பிடித்தால் என்ன செய்தார்கள்? நம்மூர் டிங்கரிங் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரிந்த கதைதான். ஓட்டையில் எதையாவது அடைத்து, மேலே பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து விற்றுவிடுவது. கொஞ்சம் 'நேர்மையான' ஆள் என்றால் இற்றுப்போன சில்லின் மேல் புதுத் தகடு ஒன்றை மூடி வைத்துப் பற்றவைப்பார். பார்க்கப் புத்தம் புதிது, பலமோ பூஜ்யம்! விபத்து என்று வந்தால் கார் கதவு அருகிலேயே மடங்கும். பிரிட்டனில் வாகனப் பரிசோதனை 1960-ல் தொடங்கியபோது 10 வருடம் ஆன கார்களுக்கு மட்டும்தான். 1967-ல் அது 3 வருடம் ஆனது. 1977-ல்தான் பாடியின் கட்டமைப்பும் சோதனைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு சில் இற்றுப்போன கார் சாலைக்கு வர முடியாது என்று ஆயிற்று.

முறையான ரிப்பேர் என்பது பொறுமைக்குப் பரீட்சை. முன் மட்கார்டு நட்டு போல்ட்டில் நிற்பதால் கழற்றலாம். ஆனால் அதன் மேல் போல்ட்டுகளில் சில கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும், அவற்றை எடுக்க முன் கண்ணாடியையே இறக்க வேண்டிவரும். பின் மட்கார்டு பற்றவைத்தது, அதன் அடிப்பகுதியை அறுத்தால்தான் சில்லின் முழு நீளமும் தெரியும். அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்காக இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் சில்லை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டால் அந்தக் கதவு பிறகு ஜென்மத்துக்கும் ஒழுங்காகச் சாத்தாது. பலர் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொடுவார்கள். பழைய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுக்க வேண்டும். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். கடைசியில் உள்ளே மெழுகு பீய்ச்சவில்லை என்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரு சில் என்றால் பரவாயில்லை. தரையும் போய், பின் மட்கார்டும் போய், ஸ்பிரிங் மாட்டுகிற இடமும் போயிருந்தால்? தகடுகளின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகும். கணக்குப் புத்தகப்படி அந்தக் காருக்கு மதிப்பே கிடையாது, தேய்மானம் எப்போதோ முழுதாகக் கழிந்துவிட்டது.

தொழிற்சாலைக்கும் இதே கணக்குதான் போட்டார்கள். 1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊரில் எம்ஜியின் 50-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடி முடித்த கையோடு, 10-ஆம் தேதி திங்கட்கிழமை, பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் ஆபிங்டனில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பவுண்டின் மதிப்பு ஏறிக்கிடந்ததால் அமெரிக்காவில் விற்பதில் நட்டம் என்பது அவர்கள் வாதம். ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், பயனில்லை. 1980 அக்டோபரில் கடைசி கார் வெளியே வந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. அதே நிறுவனம் 1975-ல் பழைய கார்களின் உதிரிபாகங்களுக்காக பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்று ஒரு சிறிய கிளையைத் தொடங்கியிருந்தது. துருவை வெட்டி எறிந்தவர்களுக்கு மாற்றுத் தகடு வேண்டும். வெளிச்சந்தையில் கிடைத்தவை பல சரியாகப் பொருந்தவில்லை. டேவிட் பிஷப் என்பவரின் தலைமையில் எம்ஜிபியின் அசல் அச்சுகளைத் தேடித் திரட்டினார்கள். எல்லாத் தகடும் கிடைக்கிறது என்றால், வாடிக்கையாளர் ஏன் ஒவ்வொன்றாக வாங்கி நாய்படாத பாடு பட வேண்டும்? நாமே எல்லாவற்றையும் பற்றவைத்து முழு உடம்பாகக் கொடுத்தால் என்ன?

1988-ல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஃபாரிங்டனில் புத்தம் புது எம்ஜிபி பாடி விற்பனைக்கு வந்தது. மாடல் நின்று 8 வருடம் கழித்து! உங்கள் பழைய காரின் என்ஜின், அச்சு, சீட்டு எல்லாவற்றையும் கழற்றி இதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி மாட்டியது அதே கார்தானா? துருப்பிடித்த தகட்டை ஒவ்வொன்றாக 20 வருடத்தில் மாற்றினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரே நாளில் மாற்றினால் மட்டும் தத்துவம் பேசுகிறோம் :) பிரிட்டன் அரசு நெடுங்காலம் இதற்கு மார்க் போட்டே தீர்வு சொன்னது. சேஸ் அல்லது மோனோகாக் பாடிக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, என்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் 14-ல் 8 வந்தால் பழைய நம்பர் நீடிக்கும். அசல் பாடி மட்டுமல்ல, உற்பத்தியாளரிடமிருந்து நேராக வந்த அதே வகைப் புதுப் பாடி என்றாலும் அந்த 5 மார்க் உண்டு. என்ஜின்தான் காரின் உயிர் என்று சொல்பவர்கள் அந்த 1 மார்க்கைக் கவனிக்கலாம்.

இதைவிட வேடிக்கை பின்னால் நடந்தது. 1989-ல் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற சிறிய திறந்த காரைக் கொண்டுவந்து சக்கைப்போடு போட்டது. இப்படி ஒரு காருக்குச் சந்தையே இல்லை என்று நினைத்திருந்த ரோவர் நிறுவனம் (லேலண்டின் புதுப்பெயர்) விழித்துக்கொண்டது. கையில் புது டிசைன் இல்லை. ஆனால் ஃபாரிங்டனில் பழைய டிசைன் சுடச்சுடத் தயாராகிக்கொண்டிருந்தது! அந்தப் பாடியையே அடிப்படையாக வைத்து, மட்கார்டுகளைக் கொஞ்சம் அகலமாக்கி, 3.9 லிட்டர் வி8 என்ஜினை ஏற்றி, 1992-ல் எம்ஜி ஆர்வி8 என்று அறிமுகப்படுத்தினார்கள். 1995 வரை ஏறத்தாழ 2000 கார்கள் தயாராயின. அவற்றில் பெரும்பாலானவை போனது எங்கே தெரியுமா? மாஸ்டாவின் ஊரான ஜப்பானுக்கு. அங்கிருந்து பல கார்கள் பிறகு பிரிட்டனுக்கே திரும்பி வந்து, எம்ஜிபிக்காரர்களின் கராஜ்களிலேயே போய்ச் சேர்ந்தன.