இங்கிலாந்துப் பள்ளிகளில் ஊடகக் கல்வி: மதிப்பிடும் உரிமையின் வரலாறு (1933–2019)

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் ஊடகக் கல்வி தனிப்பாடமாக உருப்பெற்ற வரலாற்றை, அப்பாடத்தின் தேர்வு முறைகளை முதன்மைப்படுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. லீவிஸ் தொடங்கி மாஸ்டர்மன் வரையிலான கோட்பாட்டு மாற்றங்களின் வரிசையாக இவ்வரலாற்றைக் கூறுவது வழக்கம். பாடத்திட்டத்தை வகுத்தவர் யார், விடைகளை மதிப்பிட்டவர் யார் என்னும் வினாக்களை முன்வைத்து நோக்கும்போது அதே வரலாறு வேறொரு கோணத்தில் புலப்படுகிறது. ‘திறன் குறைந்தோர்’ என வகைப்படுத்தப்பட்ட மாணவர்க்கென அளிக்கப்பட்ட தேர்வுச் சுதந்திரமே இப்பாடத்தை வளர்த்தது. அதன் மதிப்பைக் குறைத்ததும் அத்தோற்றுவாயே. இழந்த மதிப்பை மீட்க மேற்கொள்ளப்பட்ட சீர்திருத்தம் அச்சுதந்திரத்தின் பெரும்பகுதியை விலையாகக் கொண்டது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஊடகக் கல்வி, இங்கிலாந்து, சி.எஸ்.இ. தேர்வு, நியூசம் அறிக்கை, ஸ்டூவர்ட் ஹால், மதிப்பீடு, கலைத்திட்டம்

முன்னுரை

ஒரு துறை பள்ளிப் பாடமாவதற்கு அத்துறையில் அறிவு திரண்டிருந்தால் மட்டும் போதாது. அதற்கெனப் பாடத்திட்டம், கால அட்டவணையில் இடம், ஆசிரியர், தேர்வு, சான்றிதழ் ஆகிய ஐந்தும் அமைய வேண்டும். இவற்றுள் தேர்வும் சான்றிதழுமே ஒரு பாடத்தின் சமூக மதிப்பைப் பெரிதும் வரையறுக்கின்றன. வரலாறு, இயற்பியல் போன்ற பாடங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்கு இறங்கி வந்தவை. இங்கிலாந்தில் ஊடகக் கல்வி இதற்கு எதிர்த்திசையில், வகுப்பறையிலிருந்து மேலெழுந்த பாடமாகும். அவ்வாறு மேலெழுந்த பாதையில் அது பெற்றவை எவை, இழந்தவை எவை எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. காப்பும் விலக்கும்

ஊடகங்களைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்துக்கு இங்கிலாந்தில் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது, எஃப். ஆர். லீவிஸும் டெனிஸ் தாம்சனும் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கல்ச்சர் அண்ட் என்விரான்மென்ட்’ என்னும் நூலாகும். விளம்பரம், மலிவு இதழ்கள், வெகுசன நாவல்கள் ஆகியவற்றை வகுப்பறையில் பகுத்தாராயும் பயிற்சிகளை இந்நூல் ஆசிரியர்க்கு வழங்கியது. வெகுசன ஊடகங்களின் தாக்கத்திலிருந்து மாணவரைக் காத்து, உயர் இலக்கியத்தின்பால் ஆற்றுப்படுத்துவதே அப்பயிற்சிகளின் நோக்கம். நோய்க்கிருமியைச் சிற்றளவில் செலுத்தி நோயைத் தடுப்பதை ஒத்தமையால் பின்வந்த ஆய்வாளர் இதனைத் தடுப்பூசி அணுகுமுறை என்றனர்.

இவ்வணுகுமுறையில் ஊடகம் கற்கத்தக்க பொருளாக அன்றி, எச்சரிக்கைக்குரிய பொருளாகவே வகுப்பறைக்குள் நுழைந்தது. மாணவர் தம் வீட்டில் விரும்பிப் படித்த இதழ், ஆசிரியர் கையில் பிழைகாட்டும் சான்றாக மாறியது. அறிவு ஆசிரியரிடத்தும் அறியாமை மாணவரிடத்தும் உள்ளன என்னும் முன்முடிவு இதனுள் உறைந்திருந்தது. பிற்கால மாற்றங்கள் அனைத்தும் இம்முன்முடிவோடு முரண்பட்டே எழுந்தன.

2. ‘நம் எதிர்காலத்தின் பாதி’

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அனைவருக்கும் இடைநிலைக் கல்வியை உறுதிசெய்தது. கட்டாயக் கல்வி வயது 1947இல் 15ஆக உயர்ந்தது. எனினும் பதினொரு வயதில் நடத்தப்பெற்ற தேர்வு, மாணவரை இருவேறு பாதைகளில் பிரித்தது. தேர்ந்தோர் கிராமர் பள்ளிகளுக்கும், பெரும்பான்மையினர் செகண்டரி மாடர்ன் பள்ளிகளுக்கும் சென்றனர். பின்னவற்றுள் பயின்றோர்க்கு எதைக் கற்பிப்பது என்பது தீராத வினாவாக நீடித்தது.

திரைப்படத்தை வகுப்பறையில் கற்பிக்க விரும்பிய ஆசிரியர்கள் 1950இல் திரைப்பட ஆசிரியர் சங்கத்தை நிறுவினர். தொலைக்காட்சியின் பரவலை ஒட்டி, அது 1959இல் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்விச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1960ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் சங்கம் வெகுசனப் பண்பாடு குறித்து நடத்திய மாநாடு இவ்விவாதத்தை விரிவுபடுத்தியது. அதன் பின்னணியில் ஸ்டூவர்ட் ஹாலும் பேடி வானலும் எழுதிய ‘தி பாப்புலர் ஆர்ட்ஸ்’ 1964இல் வெளிவந்தது. ஹால் இலண்டனில் செகண்டரி மாடர்ன் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். வானல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் கல்வி அலுவலர். உயர் கலை, தாழ்ந்த ஊடகம் என்னும் பிரிவினையை ஏற்காத இவர்கள், ஒவ்வோர் ஊடகத்திற்குள்ளும் சிறந்ததையும் சிறவாததையும் பிரித்தறியக் கற்பிக்க வேண்டும் என்றனர்.

இதற்கிடையே 1963இல் நியூசம் அறிக்கை வெளிவந்தது. ‘நம் எதிர்காலத்தின் பாதி’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவ்வறிக்கை, சராசரித் திறனும் அதற்குக் குறைந்த திறனும் உடைய 13 முதல் 16 வயது வரையிலான மாணவரின் கல்வியைப் பற்றியது. திரைப்படமும் தொலைக்காட்சியும் அவற்றின் தனித்தன்மை கருதியே கற்பிக்கப்பட வேண்டும் என அது பரிந்துரைத்தது. ஊடகக் கல்விக்குக் கிடைத்த இவ்வலுவான ஏற்பு, கிராமர் பள்ளி மாணவரைக் கருத்திற்கொண்ட அறிக்கையிலிருந்து வரவில்லை. பாடத்தின் தகுதியும் அதன் மாணவரைப் பற்றிய தாழ்ந்த கணிப்பும் ஒரே ஆவணத்தில் ஒருசேரப் பதிவாயின.

3. மூன்றாம் முறை

1965இல் முதன்முறையாக நடத்தப்பெற்ற இடைநிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு (சி.எஸ்.இ.) இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். ஓ லெவல் எனப்பட்ட சாதாரண நிலைத் தேர்வு மாணவருள் மேல்மட்ட 20 விழுக்காட்டினருக்கும், சி.எஸ்.இ. அதற்கு அடுத்த 40 விழுக்காட்டினருக்கும் உரியவை என்பது அக்காலக் கணக்கு.

சி.எஸ்.இ. மூன்று முறைகளில் நடைபெற்றது. முதல் முறையில் பாடத்திட்டமும் வினாத்தாளும் தேர்வு வாரியத்திற்கு உரியவை. இரண்டாம் முறையில் பள்ளி பாடத்திட்டத்தை முன்மொழிய, வாரியம் தேர்வை நடத்தியது. மூன்றாம் முறையில் ஆசிரியரே பாடத்திட்டத்தை வகுத்து, வினா அமைத்து, விடைகளையும் மதிப்பிட்டார். வாரியம் மதிப்பெண்களைச் சீராய்வு செய்ததோடு நின்றது. சி.எஸ்.இ. முதல் தரம் ஓ லெவல் தேர்ச்சிக்கு இணையாக ஏற்கப்பட்டமையால், இவ்வழியில் பெறும் சான்றிதழுக்குப் பயன்மதிப்பும் இருந்தது.

ஊடகக் கல்வியின் இயல்புக்கு மூன்றாம் முறை மிகப் பொருந்தியது. இதற்கெனப் பட்டம் பெற்ற ஆசிரியர் அரிது. ஆங்கில ஆசிரியரே பெரும்பாலும் இதனை ஏற்றனர். நிலைத்த பாடநூல் இல்லை. நேற்றைய செய்தித்தாளும் இன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சியுமே கற்பொருள்கள். ஈராண்டுக்கு முன் அச்சிட்ட பாடத்திட்டத்தால் இவற்றை எட்ட இயலாது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரால் இயலும். ஒரே நிகழ்வின் பல ஒளிப்படங்களுள் முதற்பக்கத்திற்குரிய ஒன்றைத் தேர்ந்து, அதற்குத் தலைப்பும் விளக்கமும் எழுதுமாறு மாணவரைப் பணிக்கும் பயிற்சியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரு குழுக்கள் இரு வேறு படங்களைத் தேர்ந்தெடுத்தால், செய்தி என்பது தேர்வினால் உருவாவது என்பதை மாணவர் தம் செயலாலேயே உணர்கின்றனர். எழுத்துத் திறனில் பின்தங்கிய மாணவரும் இதில் ஈடுபட இயலும். இத்தகைய பணியை மூன்று மணிநேர எழுத்துத் தேர்வு அளக்காது. ஆண்டு முழுவதும் மாணவரைக் காணும் ஆசிரியரின் மதிப்பீடே அளக்கும்.

கட்டாயக் கல்வி வயது 1972இல் 16ஆக உயர்த்தப்பட்டதும் இப்போக்கு வலுப்பெற்றது. முன்னர்ப் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நீங்கியிருக்கக்கூடிய மாணவர் மேலும் ஓராண்டு வகுப்பறையில் அமர வேண்டியவராயினர். அவர்களின் ஆர்வத்தை ஈர்க்கும் பாடம் பள்ளிகளுக்குத் தேவைப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் பள்ளிகளை எட்டத் தொடங்கிய ஒளிப்பேழைப் பதிவுக்கருவி, தொலைக்காட்சிக் காட்சியை நிறுத்தியும் மீண்டும் ஓட்டியும் ஆராயும் வாய்ப்பை அளித்தது.

4. மதிப்பீட்டிலிருந்து சித்திரிப்புக்கு

இவ்வகுப்பறை அனுபவங்களுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவருள் முதன்மையானவர் லென் மாஸ்டர்மன். ‘டீச்சிங் அபவுட் டெலிவிஷன்’ (1980), ‘டீச்சிங் தி மீடியா’ (1985) ஆகிய அவருடைய நூல்கள் வினாவையே மாற்றியமைத்தன. இந்நிகழ்ச்சி சிறந்ததா என்பது முந்தைய வினா. இதனை உருவாக்கியோர் யார், எவ்வாறு உருவாக்கினர், யாருக்காக, எவருடைய நலனுக்காக என்பவை மாஸ்டர்மனின் வினாக்கள். ஊடகம் உலகைக் காட்டும் சாளரம் அன்று. தேர்ந்தும் தொகுத்தும் கட்டமைக்கப்பட்ட சித்திரிப்பு என்பது இவற்றின் அடிப்படை.

வினா மாறியபோது ஆசிரியரின் நிலையும் மாறியது. தரத்தை அறிவிக்கும் நடுவராக ஆசிரியர் இருத்தல் இனித் தேவையில்லை. தொலைக்காட்சியைப் பற்றி ஆசிரியரைவிட மாணவர் மிகுதியாக அறிந்திருக்கக் கூடும் என்பது குறையாக அல்லாமல், கற்பித்தலின் தொடக்கப் புள்ளியாக ஏற்கப்பட்டது. லீவிஸ் மரபின் முன்முடிவு இவ்விடத்தில் தலைகீழானது. 1982இல் யுனெஸ்கோவின் சார்பில் வெளியான குருன்வால்டு பிரகடனமும் ஊடகக் கல்வியின் இன்றியமையாமையை உலக அளவில் வலியுறுத்தியது.

5. ஏற்பும் ஐயமும்

1986இல் கற்பித்தல் தொடங்கி 1988இல் முதல் தேர்வு கண்ட ஜி.சி.எஸ்.இ., ஓ லெவலையும் சி.எஸ்.இ.யையும் ஒன்றிணைத்தது. ஊடகக் கல்வியும் அதில் ஒரு பாடமாயிற்று. திறன்வழிப் பிரிக்கப்பட்ட இரு தேர்வுகளுள் தாழ்ந்ததற்கு உரியதாயிருந்த பாடம், அனைவர்க்குமான சான்றிதழில் இடம்பெற்றது பெரும் ஏற்பேயாகும். அதே வேளையில், ஆசிரியர் தாமே பாடத்திட்டம் வகுக்கும் வழி குறுகியது. எனினும் மாணவர் ஆண்டு முழுவதும் செய்யும் பாடவேலைக்கு மதிப்பீட்டில் பெரும்பங்கு அளிக்கப்பட்டமையால் மூன்றாம் முறையின் உணர்வு முற்றிலும் மறையவில்லை.

அதே 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் கொணர்ந்த தேசியக் கலைத்திட்டத்தில் ஊடகக் கல்வி தனிப்பாடமாக இடம்பெறவில்லை. 1989ஆம் ஆண்டுக் காக்ஸ் அறிக்கை அதனை ஆங்கிலப் பாடத்தின் பகுதியாக ஏற்றது. 1990களில் மேல்நிலை (ஏ லெவல்) பாடமாகவும் ஊடகக் கல்வி வளர்ந்தது. பயில்வோர் பெருகியதற்கு ஏற்ப ஏளனமும் பெருகியது. ‘மிக்கி மவுஸ்’ படிப்பு என்னும் பழிச்சொல் இதழ்களிலும் அரசியல் உரைகளிலும் இப்பாடத்தின்மீது ஒட்டிக்கொண்டது. 2011இல் ரஸல் குழுமப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட பாடத்தேர்வு வழிகாட்டியில், பட்டப்படிப்பிற்கு வழிவகுக்கும் பாடங்களின் பட்டியலில் ஊடகக் கல்வி இல்லை. அப்பட்டியல் 2019இல் கைவிடப்பட்டது.

இப்பழிச்சொல்லின் வேர் பாடப்பொருளின் எளிமையில் உள்ளது எனக் கொள்வது பொருந்தாது. விளம்பரத்தின் கருத்தியலை விளக்குவது செய்யுளின் அணியை விளக்குவதினும் எளிதன்று. யாருக்காக இப்பாடம் முதலில் பரிந்துரைக்கப்பட்டது, யார் அதனை மதிப்பிட்டனர் என்னும் நினைவே அம்மதிப்பின்மையைச் சுமந்து வந்தது எனலாம்.

6. கடுமையின் விலை

2017இல் கற்பித்தலுக்கு வந்து 2019இல் முதல் தேர்வு கண்ட புதிய ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் பாடத்திட்டங்கள் இம்மதிப்பின்மைக்கு விடையாக அமைந்தன. எழுத்துத் தேர்வின் பங்கு 70 விழுக்காடாகவும், ஊடக ஆக்கப் பணியின் பங்கு 30 விழுக்காடாகவும் வரையறுக்கப்பட்டன. முந்தைய பாடத்திட்டங்களில் பாடவேலை பாதியளவோ அதற்கு மேலோ பெற்றிருந்தமை ஒப்புநோக்கத்தக்கது. ஆராயவேண்டிய ஊடகப் படைப்புகளை வாரியங்களே குறித்தன. ஏ லெவலில் பார்த், லெவி-ஸ்ட்ராஸ், பட்லர், கில்ராய் முதலிய கோட்பாட்டாளர் பெயர் சுட்டிக் கட்டாயமாக்கப்பட்டனர்.

இச்சீர்திருத்தத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வேறுவேறு பள்ளிகளில் பயில்வோர்க்குப் பொதுவான தரமும், ஊடக வரலாறு பற்றிய பரந்த அறிமுகமும் கிடைத்தன. எனினும், வகுப்பறைக்கு வரும் படைப்பைத் தேர்வதில் ஆசிரியரும் மாணவரும் கொண்டிருந்த உரிமை சுருங்கியது. செய்தி என்பது யாரோ ஒருவரின் தேர்வு என்று கற்பிக்கும் பாடத்தில், கற்பொருளை மற்றொருவரே தேர்ந்து தருகிறார். அக்கோட்பாட்டாளர் வரிசையில் ஸ்டூவர்ட் ஹாலும் ஒருவர். செகண்டரி மாடர்ன் வகுப்பறையில், பாடத்திட்டம் ஏதுமின்றி, மாணவரின் சுவையிலிருந்து தொடங்கக் கற்ற ஆசிரியர், இன்று மாணவர் மனனம் செய்யவேண்டிய பெயராகியுள்ளார்.

முடிவுரை

இங்கிலாந்தின் ஊடகக் கல்வி வரலாறு, ஒரு பாடத்தின் மதிப்பு அதன் உள்ளடக்கத்தால் மட்டும் அமைவதில்லை என்பதை உணர்த்துகிறது. நியூசம் அறிக்கை அதற்குத் தகுதியையும் தாழ்ந்த அடையாளத்தையும் ஒருங்கே தந்தது. சி.எஸ்.இ. மூன்றாம் முறை, எவரும் பெரிதாகக் கருதாத மாணவரிடையே, ஆசிரியர் புதிய பாடத்தை உருவாக்கும் வெளியைத் திறந்தது. அப்பாடம் மதிப்பை வேண்டியபோது அவ்வெளி படிப்படியாகக் குறுகியது.

இதன் பொருத்தம் இங்கிலாந்தோடு முடிவதன்று. பிரித்தானியத் தேர்வு மரபின் வழிவந்த இலங்கையின் க.பொ.த. தேர்வுகளில் தொடர்பாடலும் ஊடகமும் தமிழ் மொழிமூலமும் கற்கத்தக்க பாடமாக உள்ளன. இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் வெகுசன ஊடகக் கல்வியை விருப்பப்பாடமாக வைத்துள்ளது. இவற்றை ஆராயும்போது, பாடநூலில் என்ன உள்ளது என்பதோடு, கற்பொருளைத் தேர்வோர் யார், மதிப்பிடுவோர் யார், எம்மாணவர் இப்பாடத்தின்பால் அனுப்பப்படுகின்றனர் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். தமிழ்ச் சூழலில் பள்ளி ஊடகக் கல்வியின் வரலாறு இவ்வினாக்களின் வழியே எழுதப்பட வேண்டியுள்ளது.