விறகு வளிமமாக்கக் கொதிகலன்

விறகு வளிமமாக்கக் கொதிகலன் என்பது விறகை முதலில் எரியக்கூடிய வளிமமாக (வாயுவாக) மாற்றி, அவ்வளிமத்தை வேறொரு அறையில் மிகு வெப்பநிலையில் எரித்து, கிடைக்கும் வெப்பத்தை நீருக்கு ஏற்றும் கருவி ஆகும். ஆசுதிரியா, செருமனி, செக் குடியரசு, சுவீடன் முதலிய நாடுகளிலும், வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் இது வீடுகளைச் சூடாக்கப் பயன்படுகிறது. சூடான நீர் குழாய்கள் வழியாக அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கோ தரைக்கடியில் பதித்த குழாய்களுக்கோ செல்கிறது. பெயரில் கொதிகலன் என்று இருந்தாலும் இதில் நீர் கொதிப்பதில்லை. பொதுவாக 70 முதல் 90 பாகை செல்சியசு வரையே சூடாக்கப்படுகிறது.

நன்கு அமைக்கப்பட்ட இவ்வகைக் கொதிகலனின் பயனுறுதிறன் 90 விழுக்காட்டை எட்டக்கூடும். ஆனால் இந்த அளவு கருவியை மட்டும் பொறுத்ததன்று. உலர்ந்த விறகு, தடையின்றி முழு வேகத்தில் எரிதல், போதிய அளவுள்ள வெப்பச் சேமிப்புத் தொட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அது கிட்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இக்கொதிகலன் பழைய புகையடுப்பைப் போலவே நடந்துகொள்ளும்.

அடிப்படை

உலர்ந்த விறகின் எடையில் சுமார் 80 விழுக்காடு, சூடேறும்போது வளிமமாகவும் ஆவியாகவும் வெளியேறும் பொருட்களாகும். எஞ்சுவது கரியும் சிறிதளவு சாம்பலும் ஆகும். எனவே விறகு எரிகிறது என்று நாம் காணும் நீண்ட சுவாலை, உண்மையில் விறகிலிருந்து வெளிவந்த வளிமம் எரிவதே. அவ்வளிமம் எரிவதற்குப் போதிய வெப்பநிலை, போதிய காற்று, இரண்டும் நன்கு கலப்பதற்கான நேரம் ஆகியன தேவை. இவை கிடைக்காதபோது அது எரியாமலே புகையாக வெளியேறுகிறது. ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டியவர்கள் இதனைக் கண்கூடாக அறிவர். கண்ணை எரிக்கும் அப்புகை, எரிந்திருக்க வேண்டிய எரிபொருளே ஆகும்.

வளிமமாக்கக் கொதிகலன், வளிமம் உண்டாகும் இடத்தையும் அது எரியும் இடத்தையும் பிரித்து இச்சிக்கலைத் தீர்க்கிறது.

வரலாறு

விறகிலிருந்து எரிவளிமம் பெறும் முயற்சி பழமையானது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் பிலிப் லெபோன் விறகு வளிமத்தைக் கொண்டு ஒளியும் வெப்பமும் தரும் விளக்கு ஒன்றுக்கு 1799 ஆம் ஆண்டில் காப்புரிமம் பெற்றார். 1920களில் சார்ச் இம்பேர் என்பவர் வளிமம் கீழ்நோக்கி இழுக்கப்படும் வகை வளிமமாக்கியை உந்துகளுக்காக உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஐரோப்பாவில் பல இலட்சம் வண்டிகள் விறகு வளிமத்தால் ஓடின.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வீடுகளைச் சூடாக்க விறகு மீண்டும் கவனம் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்டு ஹில், 1970களின் பிற்பகுதியில் விறகை விசிறிக் காற்றால் வேகமாக எரித்து, வெப்பத்தை நீர்த் தொட்டியில் சேமிக்கும் உலை ஒன்றை வடிவமைத்தார். தீயை அடக்கி நாள் முழுவதும் கனலவிடும் அக்கால வழக்கத்துக்கு இது நேரெதிரானது. இன்றைய கொதிகலன்களும் இதே கொள்கையைப் பின்பற்றுகின்றன.

இயங்கும் முறை

பரவலாக உள்ள வடிவில் விறகு அறை மேலேயும் எரியறை கீழேயும் அமைந்திருக்கும். செயற்பாடு பின்வரும் படிகளில் நிகழ்கிறது.

1. உலர்தல்: விறகில் எஞ்சியுள்ள நீர் ஆவியாகிறது.
2. வெப்பச்சிதைவு: சுமார் 200 பாகை செல்சியசுக்கு மேல் விறகு சிதைந்து, எரியக்கூடிய வளிமங்களும் தார் ஆவியும் வெளிவருகின்றன.
3. வளிமமாக்கம்: அடியில் உள்ள கரிப் படுகையின் வழியே முதன்மைக் காற்று அளவாகச் செலுத்தப்படுகிறது. கனலும் கரி, கரியமில வளிமத்தோடும் நீராவியோடும் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடையும் ஐதரசனையும் தருகிறது.
4. எரிதல்: இவ்வளிமங்களை விசிறி கீழ்நோக்கி இழுக்கிறது. வெப்பந்தாங்கு பொருளால் ஆன ஒடுங்கிய துளை வழியாக அவை செல்லும்போது சூடான துணைக் காற்று அவற்றோடு கலக்கிறது. கீழறையில் ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு வெப்பநிலையிலோ அதற்கு மேலோ அவை எரிகின்றன.
5. வெப்பப் பரிமாற்றம்: சூடான வளிமங்கள் நீர் சூழ்ந்த குழாய்களின் வழியே சென்று குளிர்ந்து, புகைபோக்கியை அடைகின்றன.

எரியறையின் சுவர்கள் நீரைத் தொடாமல் தீச்செங்கல் போன்ற பொருளால் ஆனதற்குக் காரணம் உண்டு. எரிந்து முடியும் முன்பே சுவாலை குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் அது அணைந்து புகைக்கரி படியும். எனவே முதலில் முழுமையாக எரித்தல், பின்னரே வெப்பத்தை எடுத்தல் என்ற ஒழுங்கு பின்பற்றப்படுகிறது.

புதிய கொதிகலன்கள் பலவற்றில் புகைவழியில் லாம்டா உணரி பொருத்தப்பட்டுள்ளது. மகிழுந்துகளில் உள்ளதைப் போன்ற இவ்வுணரி, எஞ்சியுள்ள ஆக்சிசன் அளவை அறிந்து முதன்மை, துணைக் காற்றுகளைச் சீர்செய்ய உதவுகிறது.

விறகின் ஈரப்பதம்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கலாம். அத்தகைய விறகு ஒரு கிலோவுக்குச் சுமார் 2.2 கிலோவாட் மணி வெப்பமே தரும். 20 விழுக்காடு ஈரமுள்ள விறகு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி தரும். இழப்பு இத்துடன் நிற்பதில்லை. நீராவி தீயறையைக் குளிர்விப்பதால் வளிமம் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையே கிட்டாமல் போகலாம்.

எனவே விறகைப் பிளந்து, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களில் காற்றோடும்படி அடுக்கி, ஓராண்டு முதல் ஈராண்டு வரை உலர்த்துவர். ஓக் போன்ற அடர்ந்த மரங்களுக்குக் கூடுதல் காலம் தேவை. அடுத்த குளிர்காலத்துக்கான விறகு இவ்வாண்டு இளவேனிலிலேயே அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், இது முன்கூட்டிய திட்டமிடலைக் கோரும் முறையாகும்.

ஈரப்பதத்தைக் கணக்கிட இரு வழிகள் உள்ளதையும் கவனிக்க வேண்டும். ஈர விறகின் மொத்த எடையில் 20 விழுக்காடு நீர் என்பதும், முற்றும் உலர்ந்த விறகின் எடைக்கு 25 விழுக்காடு நீர் என்பதும் ஒரே அளவே ஆகும். செருமானியச் சட்டம் குறிப்பிடும் 25 விழுக்காடு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஈரமானியைப் பயன்படுத்துவோர், விறகைப் புதிதாகப் பிளந்து அதன் உட்புறத்தில் அளக்க வேண்டும். வெளிப்புறம் எப்போதும் உலர்ந்தே காட்டும்.

வெப்பச் சேமிப்புத் தொட்டி

எண்ணெய், எரிவளிமக் கொதிகலன்களை வேண்டும்போது உடனே நிறுத்தலாம். அறையில் இட்ட விறகை அவ்வாறு நிறுத்த இயலாது. வீட்டுக்கு வெப்பம் போதும் என்று கட்டுப்பாட்டுக் கருவி விசிறியை நிறுத்தினாலும், சூடான விறகு தொடர்ந்து வளிமத்தை வெளியிடும். எரியறை குளிர்ந்துவிட்டதால் அவ்வளிமம் எரியாது. அதிலுள்ள தார் கொதிகலனிலும் புகைபோக்கியிலும் படிகிறது. இப்படிவு பின்னொரு நாள் தீப்பற்றினால் புகைபோக்கியே எரியும் நிலை உண்டாகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தீ விபத்துகளுக்கு இது நன்கறியப்பட்ட காரணமாகும்.

இதனைத் தவிர்க்க, கொதிகலனுக்கும் வீட்டுக்கும் இடையே வெப்பக்காப்பிட்ட பெரிய நீர்த் தொட்டி வைக்கப்படுகிறது. கொதிகலன் தன் முழு வேகத்தில் எரிந்து தொட்டியை நிரப்பும். வீடு தனக்குத் தேவையானபோது தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். சூடான நீர் அடர்த்தி குறைந்ததால் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் நிற்கும். இவ்வடுக்கு கலையாதவாறு குழாய்கள் இணைக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 30 கிலோவாட் கொதிகலன் ஒன்றையும், குளிர்நாளில் 5 கிலோவாட் வெப்பம் தேவைப்படும் வீடு ஒன்றையும் கொள்வோம்.

- கொதிகலன் 4 மணி நேரம் எரிந்தால் 120 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும்.
- 85 விழுக்காடு பயனுறுதிறனில் இதற்குச் சுமார் 35 கிலோ உலர்ந்த விறகு தேவை.
- அந்த 4 மணி நேரத்தில் வீடு 20 கிலோவாட் மணியைப் பயன்படுத்தும். எஞ்சிய 100 கிலோவாட் மணியைச் சேமிக்க வேண்டும்.
- ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாட் மணி தேவை. 2000 லிட்டர் நீரை 40 பாகையிலிருந்து 85 பாகைக்கு உயர்த்தினால் சுமார் 104 கிலோவாட் மணி சேமிக்கலாம்.
- தொட்டியின் சொந்த இழப்பை விலக்கிப் பார்த்தால், இது வீட்டுக்கு மேலும் 20 மணி நேரம் போதும்.

அதாவது நாளொன்றுக்கு ஒரு முறை தீமூட்டினால் போதுமானது. இளங்குளிர்ப் பருவத்தில் வீட்டின் தேவை 2 கிலோவாட்டாகக் குறையும்போது இரு நாட்களுக்கு ஒரு முறை மூட்டலாம். தொட்டி இல்லாவிடில் இதே கொதிகலன் தன் திறனில் ஆறில் ஒரு பங்கில் இயங்க நேர்ந்து, பெரும்பாலான நேரம் புகைந்துகொண்டிருக்கும்.

தரைக்கடியிலான குழாய்கள் 40 பாகைக்கும் குறைந்த வெப்பநிலையுள்ள நீரிலேயே இயங்கவல்லவை. எனவே அவ்வகை வீடுகளில் ஒரே தொட்டியிலிருந்து கூடுதல் வெப்பம் பெறலாம்.

திரும்பும் நீரின் வெப்பநிலை

வீட்டிலிருந்து திரும்பும் குளிர்ந்த நீர் நேரடியாகக் கொதிகலனுக்குள் நுழைந்தால், அதன் உலோகச் சுவரில் நீரும் அமிலங்களும் தாரும் படிந்து அரிப்பு ஏற்படும். இதனைத் தடுக்க ஒரு கலப்பு வால்வு, வெளியேறும் சூடான நீரில் ஒரு பகுதியைத் திரும்பும் நீரோடு கலந்து, அதனை ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் வைத்திருக்கிறது. விலை குறைவான இப்பாகத்தைத் தவிர்த்தால் கொதிகலனின் ஆயுள் பல ஆண்டுகள் குறையக்கூடும்.

இடர்களும் பாதுகாப்பும்

- கார்பன் மோனாக்சைடு: இக்கருவி தன் இயல்பிலேயே இந்நச்சு வளிமத்தை உண்டாக்குகிறது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் குருதியின் ஈமோகுளோபினோடு இது இணைகிறது. கொதிகலன் அறைக்குக் காற்று வரும் வழியை அடைக்கக் கூடாது. அவ்வறையிலும் உறங்கும் பகுதியிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும்.
- கதவைத் திறத்தல்: எரிந்துகொண்டிருக்கும்போது விறகு அறையைச் சட்டெனத் திறந்தால், உள்ளே தேங்கிய வளிமம் காற்றோடு கலந்து தீப்பிழம்பாக வெளியே பாயலாம்.
- மின்தடை: விசிறியும் நீரேற்றியும் நின்றாலும் கனலின் வெப்பம் நிற்காது. நீர் மிகையாகச் சூடேறாமலிருக்க, சுமார் 95 பாகையில் தானே திறந்து குழாய்நீரைச் செலுத்தும் குளிர்விப்பு வால்வு அமைக்கப்படுகிறது. நீரேற்றியின்றி இயற்கையாக நீர் சுழலும் குழாயமைப்பும் பயன்படுகிறது.
- நீரின் விரிவு: 10 பாகையில் நிரப்பிய 2000 லிட்டர் நீர் 90 பாகையை அடையும்போது சுமார் 70 லிட்டர் விரிவடையும். அதற்கேற்ற விரிவுத் தொட்டியும் அழுத்தம் விடுவிக்கும் வால்வும் இன்றி இவ்வமைப்பை இயக்குவது வெடிப்புக்கு வழிவகுக்கும்.

சட்டங்கள்

செருமனியில் 2010 இல் திருத்தப்பட்ட சிறு எரிகலன் விதிகள், கையால் விறகிடும் கொதிகலன்களுக்குப் பொதுவாக விறகு அறையின் ஒவ்வொரு லிட்டருக்கும் 12 லிட்டர் சேமிப்பு நீரை வேண்டுகின்றன. அது ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 55 லிட்டருக்குக் குறையவும் கூடாது. இதன்படி மேற்கண்ட 30 கிலோவாட் கொதிகலனுக்குக் குறைந்தது 1650 லிட்டர் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/1189 எண் ஒழுங்குவிதி 2020 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது கையால் விறகிடும் புதிய கொதிகலன்களின் புகையில் ஒரு கன மீட்டருக்குத் துகள்கள் 60 மில்லிகிராமுக்கும் கார்பன் மோனாக்சைடு 700 மில்லிகிராமுக்கும் மிகாதிருக்க வேண்டும் என வரையறுக்கிறது.

நன்மைகளும் குறைகளும்

சொந்தக் காடு அல்லது அருகில் விறகு கிடைக்கும் ஊர்ப்புற வீடுகளுக்கு இம்முறை எரிபொருட் செலவைக் குறைக்கிறது. எண்ணெய், எரிவளிம விலையேற்றத்திலிருந்தும் ஓரளவு காக்கிறது. வெட்டிய மரங்களுக்கு ஈடாகக் காடு மீண்டும் வளரும் இடங்களில் நிகரக் கரியமில வளிம வெளியேற்றமும் குறைவு.

மறுபுறம், கொதிகலனோடு தொட்டி, குழாய்கள், புகைபோக்கி ஆகியன சேர்வதால் தொடக்கச் செலவு மிகுதி. தொட்டிக்கும் விறகுக்கும் இடம் வேண்டும். விறகு பிளத்தல், அடுக்குதல், சாம்பல் அள்ளுதல், வெப்பப் பரிமாற்றியைத் துலக்குதல் ஆகிய வேலைகள் தொடர்ந்து உண்டு. முதுமையாலோ நோயாலோ இவ்வேலைகளைச் செய்ய இயலாதவர்கள் மாற்று ஏற்பாடு ஒன்றையும் வைத்திருப்பது வழக்கம். நன்கு எரிந்தாலும் நுண்துகள்கள் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால், நெருக்கமான நகர்ப்புறங்களுக்கு இது அவ்வளவாக ஏற்றதன்று.

தொட்டியையும் உலர்ந்த விறகையும் தவிர்த்துக் கொதிகலனை மட்டும் வாங்குவோர் இச்செலவின் பயனைப் பெறுவதில்லை. புகைபோக்கியின் வாயில் புகை கண்ணுக்குத் தெரியாதிருப்பதே நன்கு இயங்கும் கொதிகலனின் எளிய அடையாளமாகும். தீமூட்டிய சில நிமிடங்களுக்குப் பிறகும் புகை தொடர்ந்தால், விறகின் ஈரத்தையும் காற்றின் அளவையும் சரிபார்க்க வேண்டும்.