பொருளியல் ஆய்வரங்கு: பெர்லின் முதல் சிகாகோ வரை

முனைவர் பட்ட மாணவர் ஒருவர், இன்னும் முடியாத தம் ஆய்வைப் பேராசிரியர்கள் முன்பும் சக மாணவர்கள் முன்பும் வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லும் கூட்டமே ஆய்வரங்கு. வகுப்பில் ஆசிரியர் பேசுவார், மாணவர் குறிப்பெடுப்பார். ஆய்வரங்கில் பேச வேண்டியவர் மாணவர். யார் முதலில் பேசுவது, யார் எப்போது குறுக்கிடலாம் என்ற விதிகள் ஊருக்கு ஊர் மாறின. அந்த விதிகளே ஒவ்வோர் அரங்கின் இயல்பையும் வகுத்தன.

இம்முறை பிறந்த இடம் ஜெர்மனி. 18ஆம் நூற்றாண்டில் கோட்டிங்கனில் செவ்வியல் மொழிகளுக்கும், 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் வரலாற்றாசிரியர் ராங்கேயிடம் வரலாற்றுக்கும் வழங்கிய பயிற்சியைப் பொருளியலாளர்களும் கைக்கொண்டார்கள். பிரஷ்யப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1862இல் ஒரு புள்ளியியல் ஆய்வரங்கைத் தொடங்கினார். குஸ்டாவ் ஷ்மோலர் 1878 முதல் ஒரு நூல்வரிசை நடத்தி, மாணவர்களின் ஆய்வுகளையும் அதில் அச்சேற்றினார். ஜெர்மனியில் படித்துத் திரும்பிய அமெரிக்கர்கள், 1876இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைப் பட்டமேற்படிப்பின் அங்கமாக்கினார்கள்.

வியன்னாவில் ஆய்வரங்கு வாதக்களமாயிற்று. 1904இல் ஆஸ்திரிய நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகிய ஓய்கன் பொம்-பாவெர்க் பல்கலைக்கழகத்தில் நடத்திய அரங்கில் ஷும்பீட்டர், மீசஸ் ஆகியோருடன் மார்க்சியர்களான ஓட்டோ பவுவரும் ஹில்ஃபர்டிங்கும் அமர்ந்தார்கள். மார்க்ஸின் மதிப்புக் கோட்பாட்டைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர் பொம்-பாவெர்க். அந்த விமர்சனத்துக்கு 1904இல் மறுப்பு எழுதியவர் ஹில்ஃபர்டிங். பின்னாளில் மீசஸ், 1920 முதல் 1934 வரை, வணிகச் சபையில் இருந்த தம் அலுவலக அறையிலேயே ஓர் அரங்கை நடத்தினார். இரு வாரங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது கூடும். ஹயேக், ஹேபர்லர், மாக்லுப் போன்ற இளம் முனைவர்கள் அங்கே விவாதித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சை உணவகத்தில் தொடர்வார்கள்.

கேம்பிரிட்ஜில் கெயின்ஸ் 1909இல் தொடங்கிய அரசியல் பொருளாதாரக் கழகத்துக்கு அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே வரலாம். திங்கட்கிழமை மாலைகளில் கிங்ஸ் கல்லூரியில் அவருடைய அறையில் ஒரு மாணவர் கட்டுரை வாசிப்பார். வந்திருக்கும் மாணவர்கள் அதற்குள் சீட்டெடுத்திருப்பார்கள். எண் விழுந்தவர்கள் வரிசைப்படி கணப்பின் முன் வந்து நின்று, கட்டுரையைப் பற்றிக் கருத்துச் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் முடித்த பிறகு கெயின்ஸ் தொகுத்துப் பேசுவார். கெயின்ஸ் கடைசியில் பேசியதால், அவர் கருத்தை முன்கூட்டியே ஊகித்து ஒத்து ஊத வழியில்லை. சீட்டு விழுந்தவர் வாய்மூடி இருக்கவும் முடியாது.

சிகாகோவில் 1950களில் மில்டன் ஃபிரீட்மன் நடத்திய பணம், வங்கியியல் பயிலரங்கு வேறொரு வழியில் சென்றது. கட்டுரை முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். படிக்காமல் வர முடியாது. எழுதியவர் அதை வாசித்துக் காட்டுவதும் இல்லை. முதல் பக்கத்தில் யாருக்கு என்ன சொல்ல இருக்கிறது என்பதில் தொடங்கிப் பக்கம் பக்கமாக விவாதம் நகரும்; சில பக்கங்களிலேயே நேரம் தீர்ந்துபோவதும் உண்டு. 1956இல் ஃபிரீட்மன் பதிப்பித்த பணத்தின் அளவுக் கோட்பாடு பற்றிய தொகுப்பு இந்தப் பயிலரங்கின் விளைச்சல். மிகைப் பணவீக்கம் பற்றி ஃபிலிப் கேகன் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு அதில்தான் வெளிவந்தது. நிதி, தொழிலாளர், வேளாண்மை என ஒவ்வொரு துறைக்கும் ஒரு பயிலரங்கு என்ற ஏற்பாடு பிற பல்கலைக்கழகங்களிலும் பரவியது.

இன்று பெரும்பாலான துறைகளில் இரு அடுக்கு உண்டு. பாடங்களை முடித்து ஆய்வுக்குள் நுழையும் மாணவர்கள், மதிய உணவு வேளையில் கூடும் சிறிய அரங்கில் அரைகுறை ஆய்வைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வேலை தேடும் ஆண்டில், அதன் முதிர்ந்த வடிவத்தைப் பெரிய அரங்கில் வைக்கிறார்கள். பேசுபவரை முதல் நிமிடத்திலிருந்தே மடக்கும் வழக்கம் சிகாகோவைத் தாண்டியும் வேரூன்றியது. அதன் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழவில்லை. அமெரிக்கப் பொருளியல் அரங்குகளைக் கவனித்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல் கேள்விகள் வருவதையும், அவற்றில் ஏளனமும் பகைமையும் மிகுதியாக இருப்பதையும் காட்டியது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் குறுக்கிடக் கூடாது, கை உயர்த்தித்தான் கேட்க வேண்டும் என்ற விதிகளைச் சில துறைகள் இப்போது வகுத்துள்ளன.