துப்பாக்கியும் தொலைநோக்கியும்

திருக்கோணமலை என்றவுடன் கோணேசர் கோயிலும் ஆழ்ந்த இயற்கைத் துறைமுகமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அத்துறைமுகத்தை நாடிய கப்பல்களுக்கும் முற்பட்ட பயணிகள் சிலர் உளர். அவை ஆண்டுதோறும் வந்து மீளும் வடபுலத்துப் பறவைகள்.

ஸ்கந்திநேவியாவிலிருந்து சைபீரியாவின் கீழ்க்கோடி வரை ஊசியிலைக் காடுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றினிடையேயுள்ள சதுப்பு நிலங்களில் கூடு கட்டுவது பொறி உள்ளான் என்னும் சிறு பறவை. அதன் எடை ஏறக்குறைய 60 கிராம். அதன் உறவினமாகிய மற்றோர் உள்ளான், மரங்களில் பிற பறவைகள் கைவிட்ட பழங்கூடுகளில் முட்டையிடும். பனிக்காலம் நெருங்குமுன் இவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. திருக்கோணமலைப் பகுதியை உள்ளிட்ட உலர்வலயத்தின் நெல்வயல்களும் குளக்கரைகளும் இவற்றுக்குப் புகலிடமாகின்றன.

பறவைகள் இடம்பெயர்வதைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். மதுரையில் குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், வடதிசை செல்லும் நாரையை மனைவிக்குத் தூது விடுத்தார். ஆயினும், எந்தப் பறவை எத்திங்களில் எங்கே காணப்பட்டது என்று முறையாகக் குறித்துவைக்கும் வழக்கம் இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. அதனைப் பெரிதும் நிறைவுசெய்தவர் வில்லியம் வின்சென்ட் லெக். 1841 இல் தஸ்மேனியாவில் பிறந்த இவர், ஆங்கிலப் பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்தார். திருக்கோணமலையிலும் பணியாற்றினார். இலங்கைப் பறவைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1878 முதல் 1880 வரை இலண்டனில் வெளிவந்தது.

அக்காலத்தில் பறவையை அறிதல் என்பது பெரும்பாலும் அதனைச் சுடுதலாகவே இருந்தது. சுட்டு வீழ்த்தி, அலகையும் சிறகையும் அளந்து, தோலைப் பதனிட்டு வைத்தாலன்றி இனம் உறுதிப்படாது என்பது அன்றைய கொள்கை. அறிவின் பொருட்டு உயிர்கள் மாண்டன. எனினும், அன்று எழுதப்பட்ட குறிப்புகள் இல்லையேல், இன்று எவை அருகின என்று ஒப்புநோக்க வழியிராது.

அறிவின் பொருட்டன்றி, வெறும் பயிற்சிக்காகவும் துப்பாக்கி முழங்கிய இடம் ஒன்றுண்டு. நிலாவெளிக் கரைக்கு எதிரே, ஏறக்குறைய 1 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவே அது. அதன் பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அத்தீவு சுடுகளமாகப் பயன்பட்டது.

காலப்போக்கில் மனிதர் நோக்கு மாறிற்று. 1937 இல் வனவுயிர்களைக் காக்கும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1955 இல் ஜி. எம். ஹென்றி, தாமே வரைந்த ஓவியங்களுடன் இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். கொல்லாமலே பறவையை இனங்காணச் சாதாரண மக்களுக்கும் அது துணையாயிற்று. 1963 இல் புறாத்தீவு சரணாலயமாயிற்று. 2003 இல் தேசியப் பூங்கா என்னும் நிலையை எய்தியது.

ஆயினும், தீவு ஒன்றைக் காப்பதனால் மட்டும் உள்ளான் பிழைத்துவிடாது. அதற்கு வேண்டுவன சேற்று நிலமும் நீர் தேங்கிய வயலும். வடகாட்டில் கூடு பத்திரமாக இருந்தும், இங்கே சதுப்பு நிரவப்பட்டால் அதன் பயணம் வீணே. இங்கே வயல் செழித்தும், அங்கே காடு அழிந்தால் வருவதற்குப் பறவையே இராது. இரு நாடுகளும் ஒன்றையொன்று அறியாமலே ஓர் உயிரின் பொறுப்பைப் பகிர்ந்து கொண்டுள்ளன.

வயல்வரம்பில் உள்ளானைக் கண்ட சிறுவன் ஒருவன், கையிலெடுத்த கல்லைக் கீழே போட்டுவிட்டு நின்று பார்ப்பானாயின், இங்குள்ள பங்கு அவ்வளவில் நிறைவேறத் தொடங்கியதாகும்.